அப்பாவின் கே1000: நானே திறக்கட்டுமா, சர்வீஸுக்குக் கொடுக்கட்டுமா?

நிலாமுற்றம்:
வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இன்று கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது. அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா அலமாரியிலிருந்து என் கைக்கு வந்திருக்கிறது. நான் தவழ்ந்த நாளிலிருந்து பள்ளி முடிக்கும்வரை வீட்டில் எடுத்த படங்கள் எல்லாமே இதில் எடுத்தவை. அப்புறம் இருபது வருஷமாக யாரும் தொடவில்லை.

ஒரு கலர் நெகட்டிவ் ரோல் போட்டு எடுத்துப் பார்த்தேன். பல படங்களில் ஓரத்தில் ஆரஞ்சு கலந்த சிவப்புக் கோடு ஓடுகிறது. 1/500, 1/1000 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுத்தவற்றில் ஒரு பக்கம் இருட்டடித்துப் போயிருக்கிறது, 1/125-இல் எடுத்தவை நன்றாகவே இருக்கின்றன. 1 விநாடியில் வைத்தால் பிலிமுக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் திரை திறந்தபடியே நின்றுவிடுகிறது, இரண்டு மூன்று விநாடி கழித்து மெதுவாக மூடுகிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவே இல்லை. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் கருப்புப் புள்ளிகள் வேறு.

எனக்கு சால்டரிங் தெரியும், சின்ன ஸ்குரூ டிரைவர் செட் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. கே1000-ஐப் பிரித்து மாட்டும் வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் இது அப்பாவுடையது. இதே கேமராவில் என் மகளைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. நானே கை வைக்கலாமா, அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடலாமா? இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஒரு வாரமாக அதைத் திறக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

பட்டறைக்கண்:
நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்கிறீர்கள், ஆனால் இதில் ஐந்து கோளாறு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். வேலை எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்ப்பதில்லை. இரண்டே விஷயம்தான் பார்ப்பேன். நான் தப்புச் செய்தால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா? வேலை முடிந்தபிறகு அது சரியாக வந்திருக்கிறதா என்று என்னால் அளந்து பார்க்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வீட்டிலேயே செய்வேன். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அனுப்பிவிடுவேன்.

சிவப்புக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்கேனை விட்டுவிட்டு நெகட்டிவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கறை படத்தின் சட்டத்தைத் தாண்டி, பல்சக்கர ஓட்டைகள் இருக்கும் ஓரம்வரை பரவியிருந்தால் வெளிச்சம் பின்கதவு வழியாக நுழைகிறது என்று பொருள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் பிலிமின் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு வருவதால்தான் பிரிண்டில் அது ஆரஞ்சு, சிவப்பாக விழுகிறது. கறை சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், அதுவும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளியாக இருந்தால், ஷட்டர் திரையில் ஊசித்துளை விழுந்திருக்கலாம். அது வேறு கதை.

கதவுதான் என்றால் பின்கதவைத் திறந்து அந்த மெல்லிய வாய்க்காலில் பல்குத்தும் குச்சியை வைத்து இழுத்துப் பாருங்கள். கருப்பாகத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். ஒருகாலத்தில் அது மெத்தென்ற ஃபோம், வருஷங்கள் ஆக ஆக இப்படி உருகிப் பிசுபிசுத்துவிடும். இந்த வேலையை அவசியம் நீங்களே செய்யுங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். முதலில் ஷட்டர் திரைக்கு மேல் ஒரு காகிதத்தை வெட்டி வைத்து நான்கு பக்கமும் ஒட்டி மூடுங்கள். பிசிறு ஒன்று திரைக்குப் பின்னால் போனாலும் வெளியே எடுப்பது பெரும்பாடு. மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் ஈரம் தெரியும் அளவு மட்டும் தொட்டுத் துடையுங்கள், சொட்டக்கூடாது. திரை ரப்பர் பூசிய துணி, அதன் பக்கம் ஆல்கஹால் போகவே கூடாது. புதிய ஃபோம் வாய்க்காலுக்கு மெல்லியதாகவும் கீல் பக்கத்துக்குச் சற்றுத் தடித்ததாகவும் வேண்டும். தடிமன் கூடிவிட்டால் கதவு மூடாது, மூடினாலும் திமிறிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் பசை உள்ள ஃபோம் என்றால் பசையில் லேசாகத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள், நகர்த்தி உட்கார வைக்க ஒரு நிமிஷம் கிடைக்கும்.

வ்யூஃபைண்டர் புள்ளிகளும் அதே ஃபோம் குடும்பம்தான். படம் எடுக்கும்போது உள்ளே இருக்கும் மிரர் மேலே போய் இடிக்கும் இடத்தில் ஒரு பட்டை இருக்கும், அது உதிர்ந்து, காட்சி விழும் ஃபோகஸிங் ஸ்கிரீன் மேல் விழுந்திருக்கும். காற்றுப் பம்பால் இரண்டு ஊது ஊதுங்கள், போகாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளி படத்தில் விழாது.

மீதி மூன்றும் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலை இருக்கிறது.

சுருள்36:
பட்டறைக்கண் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். இப்படி யோசித்தால் யாருமே எதையும் திறக்க மாட்டார்கள். இன்று பழுது பார்க்கிற பெரியவர்கள் எல்லோரும் ஒருநாள் முதல் ஸ்குரூவைப் பயந்துகொண்டுதான் திருகியிருப்பார்கள். அவர்களும் ஓய்ந்துவிட்டால் அப்புறம் யார் செய்வது?

என் கதை கேனான் ஏஇ-1. ஷட்டரை அழுத்தினால் இருமுவது மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வரும். அந்த மாடல் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த நோய் அது, மிரரை இயக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்துபோவதால் வருகிறது. ஊசி நுனியில் ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய், அதுவும் சரியான பல்சக்கரத்தில். ஒரு மாலைப்பொழுதில் சத்தம் நின்றது, இன்றுவரை வரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த ஒரு நோய் உண்டு. மினோல்டா எக்ஸ்-700 திடீரென்று பூட்டிக்கொண்டால் முதலில் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுவார்கள். யாஷிகா எலக்ட்ரோ 35-இல் உள்ளே ஒரு சின்ன ரப்பர் திண்டு கரைந்துபோகும், பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது கேட்க வேண்டிய ‘டக்’ சத்தம் காணாமல் போகும். ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் பிரிசத்தை, அதாவது வ்யூஃபைண்டருக்கான கண்ணாடிக் கட்டியைச் சுற்றியிருக்கும் ஃபோம் கெட்டு வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். இப்படிப் பலர் கண்டு, பலர் சரிசெய்து, எழுதியும் வைத்த கோளாறாக இருந்தால் வீட்டில் தாராளமாக இறங்கலாம். சால்டரிங் தெரிந்த கை என்கிறார், அதுவே பெரிய விஷயம்.

மெல்லொளி:
சுருள்36, உங்கள் உற்சாகம் பிடித்திருக்கிறது, ஆனாலும் என் அனுபவத்தை இங்கே வைத்தே ஆக வேண்டும்.

என்னிடம் ஒரு மினோல்டா எஸ்ஆர்டி-101 இருந்தது. மீட்டர் முள் கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே வேக டயலையும் மீட்டரையும் இணைத்து ஒரு மெல்லிய நூல் கப்பிகளில் சுற்றிக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு பாகத்தை விலக்கியபோது நூல் நழுவியது. நழுவிய சத்தம்கூடக் கேட்கவில்லை. முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே படுத்துவிட்டது. அந்த நூலை மறுபடி சரியான இழுப்பில் கட்ட நான்கு இரவு முயன்றேன், முடியவில்லை.

இன்னொரு தடவை ஒரு லென்ஸின் அபர்ச்சர் வளையம், உள்ளே போகும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. வளையம் ‘கிளிக் கிளிக்’ என்று நிற்பதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவில் இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். கடுகில் பாதி. வளையத்தைத் தூக்கிய நொடியில் அது மேஜையில் ஒரு தரம் துள்ளி, தரையில் ஒரு தரம் துள்ளி, போனது போனதுதான். காந்தத்தைத் துணியில் கட்டித் தரை முழுக்கத் தேய்த்துப் பார்த்தேன்.

இரண்டிலும் என் கை நடுங்கவில்லை, கருவியும் சரிதான். உள்ளே என்ன காத்திருக்கிறது என்று தெரியாததுதான் காரணம். நிலாமுற்றம், வீடியோ பார்த்தால் வேலையின் வரிசை தெரியும். ஒரு ஸ்குரூ எவ்வளவு இறுக்கத்தில் கழல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். அந்தக் கையைப் பழக்க வேறு கேமரா வேண்டும், அப்பாவின் கேமரா வேண்டாம்.

சுருள்36:
அது நியாயம்தான். ஏற்கெனவே செத்துப்போன ஒன்றை வாங்கி அதில் பழகச் சொல்லியிருக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன். அப்புறம் ஒன்று: ஜப்பானியக் கேமராக்களின் ஸ்குரூ பார்வைக்குச் சாதாரணப் பிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக இறங்காது, அழுத்தித் திருகினால் மேலேறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். உங்கள் செட் எது என்று பாருங்கள். சில இடங்களில் இடப்பக்க மரையும் இருக்கும், கழற்றுவதாக நினைத்து இறுக்கி உடைத்தவர்கள் உண்டு.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. மெல்லொளி எழுதியதைப் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நெகட்டிவைப் பார்த்தேன், கறை ஓட்டை வரிசை வரைக்கும் போகிறது. கதவுதான். பேட்டரி மூடியைக் காசால் திருகித் திறந்தால் உள்ளே நீலப்பச்சை நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி இருக்கிறது. பழைய பேட்டரி உள்ளேயே கசிந்திருக்கிறது.

இருட்டடிக்கும் பக்கத்தைப் பற்றி ஒரு வீடியோவில், அடிமூடியைத் திறந்து அங்கே இருக்கும் ஒரு ஸ்குரூவைக் கால் சுற்று இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பத்து நிமிஷ வேலை மாதிரி தெரிகிறது. அதை மட்டும் செய்யலாமா?

பட்டறைக்கண்:
அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உங்கள் கேமராவில் இரண்டு துணித்திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை திறந்துகொண்டே போகும், இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு மூடிக்கொண்டே வரும். 1/60 வரைக்கும் முதல் திரை முழுதாக ஓடி முடித்தபிறகுதான் இரண்டாவது கிளம்பும், அதனால் ஒரு கணம் சட்டம் முழுக்கத் திறந்திருக்கும். ஃபிளாஷ் வேகம் 1/60 என்று போட்டிருப்பது அதனால்தான். அதைவிட வேகமாகப் போகும்போது இரண்டாவது திரை முன்கூட்டியே கிளம்பிவிடுகிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு கீற்று மட்டும் சட்டத்தின் குறுக்கே ஓடுகிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். 36 மில்லிமீட்டர் அகலத்தைத் திரை ஏறக்குறைய 14 மில்லிவிநாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/1000 என்றால் 1 மில்லிவிநாடி. அப்படியானால் கீற்றின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர்தான். முதல் திரை காய்ந்த கிரீஸால் வழியில் 1 மில்லிவிநாடி பின்தங்கினாலே போதும், இரண்டாவது அதைப் பிடித்துவிடும், கீற்று மூடிவிடும், அந்த இடத்திலிருந்து படம் கருப்பு. 1/125-இல் கீற்று பல மடங்கு அகலம் என்பதால் அதே 1 மில்லிவிநாடி தாமதம் கண்ணில் படவே படாது. உங்கள் படங்கள் சொல்வது இதைத்தான்.

அடியில் இருப்பது திரைச் சுருளின் இழுவிசையைக் கூட்டும் ஸ்குரூ. அதை இறுக்கினால் முதல் திரை வேகமாக ஓடும், இருட்டு மறையும். ஆனால் கிரீஸ் அங்கேயேதான் இருக்கிறது. அழுக்கை எடுக்காமல் அதை வெல்லும் அளவுக்கு ஸ்பிரிங்கை இறுக்குகிறீர்கள். ஒரு வருஷத்தில் இன்னும் காயும், இன்னும் இறுக்க வேண்டியிருக்கும். இரண்டு திரைக்கும் உள்ள சமன் போய்விடும், எல்லா வேகமும் மாறிவிடும், எதிலிருந்து எவ்வளவு மாறியது என்று உங்களுக்குத் தெரியாது. திருப்பிச் சுற்றினாலும் பழைய இடம் கிடைக்காது, ஏனென்றால் பழைய இடம் எது என்று அளக்கவில்லை. முதல் பதிவில் நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் இந்த ஸ்குரூ இல்லை என்றுதான் பதில் சொல்கிறது.

1 விநாடி நின்றுவிடுவது வேறு இடத்துக் கோளாறு. 1 விநாடியிலிருந்து 1/30 வரை மெதுவேகங்களுக்கென்று தனிப் பல்சக்கரக் கூட்டம் உண்டு, அங்கே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். பிலிம் இல்லாமல் அதே வேகத்தில் ஐம்பது, நூறு தடவை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் இளகும். ஒரு வாரம் சும்மா வைத்தால் மறுபடி இறுகிவிடும். அப்படி ஆனால் நோய் எண்ணெய்தான் என்று உறுதியாகிவிடும், ஒன்றும் உடையவில்லை என்ற நிம்மதியாவது கிடைக்கும்.

பேட்டரிக் கசிவை நீங்களே பாருங்கள். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், அதனால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சுக்குச்சியில் தொட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பளபளப்பு வந்தபின்னும் முள் அசையாவிட்டால் தகட்டுக்குக் கீழே போகும் கம்பி அரித்திருக்கும், அதற்கு அடிமூடியைத் திறக்க வேண்டும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெதுவேகம்:
அளப்பது பற்றி ஒரு சின்ன சேர்க்கை. போனில் 240 பிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரேமுக்கு நான்கு மில்லிவிநாடி. 1 விநாடி என்றால் 240 பிரேம் திறந்திருக்க வேண்டும், 1/60 என்றால் நான்கு பிரேம். அதற்கு மேல் போனை நம்பக் கூடாது, 1/1000 ஒரு பிரேமில் கால் பங்குதான். ஆனால் இருட்டு விழுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். பிரகாசமான சுவரை நோக்கி 1/1000-இல் பத்துத் தடவை அழுத்துங்கள், சட்டம் முழுக்க ஒரே மாதிரி மின்னுகிறதா, ஒரு ஓரம் மட்டும் மங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் யோசிக்கலாம். கலர் நெகட்டிவ் மட்டும்தான் போடுவேன் என்றால் 1/1000 உண்மையில் 1/700 ஓடினாலும் அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), பிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு பிலிம் தாங்காது. சீராக அரை ஸ்டாப் பிசகும் ஷட்டருக்கு வைத்தியமே தேவையில்லை. உங்களுடையது சீராக இல்லை என்பதுதான் பிரச்சினை.

புதியவன்_சுருள்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு சின்ன ஆட்டோ ஃபோகஸ் காம்பாக்ட் இருக்கிறது, ஃபிளாஷ் சார்ஜ் ஆவதில்லை. சால்டரிங் தெரிந்தால் இதையும் வீட்டில் பார்க்கலாமா?

பட்டறைக்கண்:
வேண்டாம். அதன் உள்ளே ஃபிளாஷ் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஆகும், பேட்டரியைக் கழற்றினாலும் அது ரொம்ப நேரம் தங்கும். ஃபிளாஷ் எரியவில்லை என்பதால் அது காலியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சரியான ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்து உறுதிசெய்யத் தெரியாதவர்கள் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. கே1000-இல் உள்ளே ஃபிளாஷ் கிடையாது, அதனால்தான் இங்கே அதைப் பற்றிப் பேசவில்லை.

தெருவிளக்கு:
சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறீர்கள், எனக்கு அதில்தான் அடி. ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். ஏழு வாரம் கழித்து வந்தது. முழு சர்வீஸ் என்று ரசீதில் இருந்தது. பார்த்தால் மேல்மூடி ஸ்குரூ எல்லாவற்றிலும் தலையில் கீறல், ஃபோகஸிங் ஸ்கிரீனில் துடைத்த கோடு. அந்த ஸ்கிரீன் பிளாஸ்டிக், அதில் மெல்லிய வளையங்கள் பொறித்திருக்கும், துணி பட்டாலே கோடு விழும் என்பது என் போன்ற ஆளுக்கே தெரியும். ஷட்டரின் மெதுவான வேகங்கள் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே. என்ன செய்தீர்கள், எவ்வளவு அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பட்டறைக்கண் சொன்ன அளவு விதி கடைக்காரருக்கும் பொருந்த வேண்டாமா?

பட்டறைக்கண்:
நிச்சயமாகப் பொருந்தும். அளந்து காட்ட முடியாதவரிடம் கொடுப்பதும் நாமே கண்ணை மூடிக்கொண்டு திருகுவதும் ஒன்றுதான்.

சிறுதிருகு:
நான் இதையே தொழிலாகச் செய்கிறேன், அதனால் என் பேச்சு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு பட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அவர் கோபத்தில் தப்பே இல்லை.

யாரிடம் கொடுப்பதானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: வேகத்தைச் சட்டத்தின் எத்தனை இடத்தில் அளப்பீர்கள்? துணித்திரை ஷட்டரை நடுவில் மட்டும் அளந்தால் 1/1000 சரியாக இருப்பது போலவே காட்டும், ஓரம் இருட்டியிருக்கும். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். திறப்பதற்கு முன் ஒரு தரம், முடித்தபின் ஒரு தரம் அளந்து இரண்டையும் எழுதித் தருபவராக இருந்தால் நம்பிக் கொடுக்கலாம். பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவீர்களா, இழுவிசையை மட்டும் மாற்றுவீர்களா என்பதையும் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது எங்கள் பக்கத்திலிருந்து. எனக்கு வரும் கேமராக்களில் ரொம்ப நேரம் தின்பவை பாதி திறந்து, ஸ்குரூக்களைப் பையில் போட்டு அனுப்பியவை. பழுது ஒன்றாக இருந்திருக்கும், திறந்தபின் மூன்றாகியிருக்கும், எது முதலில் இருந்தது என்று நான் துப்பறிய வேண்டும். துரு எடுக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்து அனுப்புகிறவர்களும் உண்டு. அது எல்லா இடத்துக்கும் பரவும், திரை, அபர்ச்சர் இதழ், பிரிசம் ஒன்றும் பாக்கியில்லை, கழுவவே ஒருநாள் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கதவின் ஃபோம் சீலை நீங்களே மாற்றுங்கள், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. மிரர் பட்டையும் மாற்றலாம், மிரரைக் கீழே இருக்கிற நிலையிலேயே விட்டு அதன்மேல் காகிதம் விரித்துச் செய்யுங்கள். மிரருக்கு முன்பக்கத்திலேயே வெள்ளிப் பூச்சு இருப்பதால் விரல் பட்டாலும் தடம் விழும்.

அனுப்பும்போது பேட்டரியை எடுத்துவிடுங்கள். லீவரை இழுத்து வைத்த நிலையில் அனுப்ப வேண்டாம், ஷட்டரைத் தட்டி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுங்கள். கோளாறு தெரியும் நெகட்டிவின் படம் ஒன்று, எந்த வேகத்தில் எடுத்தது என்ற குறிப்போடு வையுங்கள். ‘சரியாக வேலை செய்யவில்லை’ என்ற ஒரு வரியைவிட அந்தப் படம் எனக்கு நூறு மடங்கு உதவும்.

எங்களாலும் முடியாதவை இருக்கின்றன. திரைத்துணி விறைத்து வெடித்திருந்தால் வேறு கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் கேமராவில் சர்க்யூட் போனால் இன்னொரு உடலைப் பலிகொடுத்துத்தான் இதைப் பிழைக்க வைக்க முடியும். கே1000 அந்த வகையில் பாக்கியம் செய்தது. 1976 முதல் 1997 வரை செய்த மாடல், மீட்டரைத் தவிர எதற்கும் பேட்டரி வேண்டாம், உதிரிக்கும் பஞ்சமில்லை.

சுருள்36:
யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்தச் செலவுக்கு நன்றாக ஓடும் இன்னொரு கே1000 கிடைத்துவிடாதா?

நிலாமுற்றம்:
கிடைக்கலாம். ஆனால் இதன் வலது ஓரத்தில் கருப்புப் பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் பித்தளை தெரிகிறது. அப்பாவின் கட்டைவிரல் உட்காரும் இடம் அது. இன்னொரு கே1000-இல் அது இருக்காது.

சுருள்36:
புரிகிறது. அப்படியானால் கேள்வியே இல்லை, ஷட்டரை அனுப்பிவிடுங்கள்.

நிலாமுற்றம்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சீல் வேலை முடிந்தது. இரண்டு மாலை ஆயிற்று. முதல் நாள் முழுக்கச் சுரண்டுவதிலேயே போனது. நகக்கண்ணில் ஏறிய கருப்பு இரண்டு நாள் போகவில்லை. கீல் பக்கத்தில் பிசினுக்குள் நகத்துணுக்கு அளவில் ஒரு பிலிம் சில்லு பதிந்திருந்தது, ஒரு ஓட்டையின் பாதி வளைவோடு. எந்த ரோல் கிழிந்தபோது ஒட்டியதோ. எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

முதலில் ஒட்டிய கீல் ஃபோம் தடித்துவிட்டது, கதவு ஒருபுறம் தூக்கிக்கொண்டு நின்றது. பிய்த்துவிட்டு மெல்லியது ஒட்டினேன். திருப்ப முடிகிற தப்பு என்று பட்டறைக்கண் சொன்னது அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

பேட்டரி அறை நுரைத்துக்கொண்டு சுத்தமானது. புது சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டதும் முள் எழுந்து நின்றது! ஜன்னல் பக்கம் திருப்பினால் ஏறுகிறது, சுவர் பக்கம் திருப்பினால் இறங்குகிறது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் அரை மணி நேரம் திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தாள்.

1 விநாடியில் நூறு தடவை அழுத்தினேன், இளகியது, நான்கு நாளில் மறுபடி இறுகிவிட்டது. அடிமூடியை நான் தொடவில்லை. மூன்று இடத்தில் அளந்து எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நேற்று அனுப்பிவிட்டேன்.

தெருவிளக்கு:
வந்ததும் அந்த அளவுகளை இங்கே போடுங்கள். எனக்கு அது வேண்டும்.

நிலாமுற்றம்:
கேமரா வந்துவிட்டது, ஐந்து வாரம் ஆனது. தெருவிளக்கு கேட்ட அளவுகள் இதோ. 1/1000-இல், திறக்கும் முன் தொடக்கத்தில் 1.1 மில்லிவிநாடி, நடுவில் 0.6, முடிவில் ஒன்றுமே இல்லை, திரை மூடிவிட்டது. இப்போது 1.2, 1.2, 1.3. 1 விநாடி இப்போது 1.05. போன் ஸ்லோமோஷனில் நானும் எண்ணிப் பார்த்தேன், 252 பிரேம் வந்தது.

அவர் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். அடியில் இருக்கும் இழுவிசை ஸ்குரூவை முன்பே யாரோ ஒருமுறை இறுக்கியிருக்கிறார்கள், அதன் தலையில் பழைய கீறல் இருக்கிறது, முதல் திரையின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் முறுக்கியிருந்தது, கிரீஸை எடுத்தபின் இரண்டு திரைகளின் ஸ்பிரிங்கையும் தளர்த்தித்தான் சமன் செய்ய முடிந்தது என்று. நானும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொரு கால் சுற்று இறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்பாதான் இறுக்கினாரா, அவர் கொடுத்த ஏதாவது கடையிலா என்று கேட்க இப்போது ஆளில்லை.

முதல் ரோல் முடிந்துவிட்டது. மகள் மாடிப்படியிலிருந்து குதிக்கும்போது 1/1000-இல் ஒன்று எடுத்தேன், இரண்டு ஓரமும் தெளிவாக இருக்கிறது, முடி காற்றில் நிற்பதுகூடத் தெரிகிறது.

மெல்லொளி:
படிக்கும்போதே நெஞ்சு நிறைந்தது. அந்த ஸ்குரூவை நீங்கள் தொடாமல் விட்டீர்களே.

என் எஸ்ஆர்டி-யை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. சிறுதிருகு, நூல் நழுவியதை மட்டும் கட்டிக்கொடுப்பீர்களா? ஸ்குரூ எல்லாம் நீளவாரியாக அட்டையில் குத்தி, எதிலிருந்து கழற்றியது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சிறுதிருகு:
அட்டையோடு அனுப்புங்கள், பார்க்கிறேன்.

நிலாமுற்றம், ஒன்று சொல்ல விட்டுப்போனது. கே1000 மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது பேட்டரியைத் தின்றுகொண்டேதான் இருக்கும். எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் பேட்டரியையே கழற்றிவிடுங்கள்.